பிரான்சில் வாடகைக் கார் இடித்துக்கொண்டால்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

நம் ஊரில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இறங்குவோம், குரல் உயரும், நாலு பேர் கூடுவார்கள். அதில் ஒருவர் பெரியவராக நின்று, "விடுங்க சார், ஏதோ கொடுத்துட்டுப் போங்க" என்று முடித்து வைப்பார். பிரான்சில் அந்தப் பெரியவரின் இடத்தில் ஒரு தாள் இருக்கிறது. இடித்தவரும் இடிபட்டவரும் சாலையோரமாக நின்று சேர்ந்து நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய தாள். பெயர் 'கோன்ஸ்தா அமியாப்ல்'. இணக்கமாக எழுதிக்கொள்ளும் விபத்து அறிக்கை என்று சொல்லலாம். யார் மேல் தப்பு, யார் காசு கட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பாரிசில் இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் சாப்பிட்டு, கடைகளைப் பார்த்து, உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அப்புறம் ஏழு பேர் அமரும் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லூர்து மாதா கோவிலுக்குக் கிளம்புவார்கள். பாரிசிலிருந்து லூர்து சுமார் 850 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் ஒரு டயர் போவதும் ஒரு ரவுண்டானாவில் பம்பர் உரசுவதும் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். நடந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதில்தான் காசும் நிம்மதியும் போகின்றன.

யாருக்கும் காயம் இல்லையென்றால் போலீஸ் வருவது அங்கே வழக்கமில்லை. கூப்பிட்டாலும், நீங்களே கோன்ஸ்தா நிரப்பிக்கொள்ளுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். காயம் இருந்தால், எதிராளி பெயர் சொல்ல மறுத்தால், குடித்திருக்கிறார் என்று தோன்றினால், வண்டி சாலையை அடைத்து நின்றால் கூப்பிடத்தான் வேண்டும். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான எண் 112. பிரான்சுக்கென்று தனியாக ஆம்புலன்ஸ் மருத்துவ சேவைக்கு 15, போலீசுக்கு 17, தீயணைப்புப் படைக்கு 18. நகரத்துக்கு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் ழாந்தார்ம்கள். சீருடை வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அவர்களும் காவல்துறைதான்.

இனி அந்தத் தாள். வாடகைக் காரின் டேஷ்போர்டு அறையில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். சாவி வாங்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மேலே ஒரு தாள், அடியில் அதன் நகல் படியும் தாள். ஒருவர் எழுதினால் இரண்டிலும் பதியும். இடப்பக்கம் 'ஏ' வண்டிக்கு, வலப்பக்கம் 'பி' வண்டிக்கு. எந்த எழுத்து உங்களுக்கு என்பதில் ஒன்றும் இல்லை, இடித்தவர் 'ஏ' என்றெல்லாம் கணக்குக் கிடையாது. இந்தப் படிவம் ஐரோப்பிய நாடுகளில் மொழி மட்டும் மாறி, ஒரே அமைப்பில், ஒரே எண்வரிசையில் இருக்கிறது. ஆகவே ஆங்கிலப் படிவம் ஒன்றை முன்கூட்டியே அச்சடித்துப் பையில் வைத்திருந்தால், பிரெஞ்சுத் தாளின் 12ஆம் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை உங்கள் தாளின் 12ஆம் கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

வாடகைக் கார் ஓட்டுபவர்கள் முதலில் தடுமாறுவது 6ஆம் கட்டத்தில். இன்சூரன்ஸ் யார் பேரில் இருக்கிறது என்று அது கேட்கிறது. அங்கே உங்கள் பெயர் வராது. காரின் சொந்தக்காரரான வாடகை நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வர வேண்டும். நீங்கள் வருவது 9ஆம் கட்டத்தில், ஓட்டுநராக. 8ஆம் கட்டத்தில் இன்சூரன்ஸ் நிறுவனமும் பாலிசி எண்ணும். முன்பெல்லாம் பிரெஞ்சுக் கார்களின் முன்கண்ணாடியில் சின்னப் பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கும், இந்த விவரத்தை அதிலிருந்தே பார்த்து எழுதிவிடலாம். 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சீட்டு கிடையாது. எந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதைக் காவல்துறை கணினிப் பதிவிலேயே பார்த்துக்கொள்கிறது. அதனால் கார் எடுக்கும்போதே வண்டியின் காகிதங்களைத் தேடிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3ஆம் கட்டம் காயத்தைப் பற்றியது. லேசான காயமானாலும் 'ஆம்' என்று குறிக்கச் சொல்கிறது. நம்மவர்கள் இங்கே பெருந்தன்மையாக நடந்துகொள்வார்கள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்பார்கள். பின்னாலிருந்து இடிபட்டவருக்கு மறுநாள் காலையில்தான் கழுத்தைத் திருப்ப முடியாமல் போகும். வலி இருந்தால் 'ஆம்' என்றே குறியுங்கள். அன்றே ஒரு மருத்துவரைப் பார்த்துச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் இதயம் 12ஆம் கட்டம். நடுவில் 17 வரிகள், ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் ஒரு சிறு பெட்டி. நின்றுகொண்டிருந்தேன், ரவுண்டானாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன், ரவுண்டானாவில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தேன், முன்னால் போனவரைப் பின்னாலிருந்து இடித்தேன், பாதை மாறினேன், ரிவர்ஸ் எடுத்தேன், வலப்பக்கத்திலிருந்து வந்தேன், முன்னுரிமைப் பலகையையோ சிவப்பு விளக்கையோ கவனிக்கவில்லை என்று போகும். உங்களுக்குப் பொருந்துவதில் மட்டும் குறியிட்டு, எத்தனை பெட்டிகளில் குறியிட்டீர்கள் என்ற எண்ணிக்கையைக் கீழே எழுத வேண்டும். அந்த எண்ணிக்கையை எழுதாமல் விட்டால், பிறகு யாராவது இன்னொரு குறி சேர்ப்பதற்கு வழி திறந்திருக்கும்.

ஓர் உதாரணம். நீங்கள் ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், ஒருவர் வெளியிலிருந்து நுழைந்து உங்கள் பக்கவாட்டில் இடிக்கிறார். அவர் பக்கம் 'நுழைந்துகொண்டிருந்தேன்' என்ற 6ஆம் பெட்டி, உங்கள் பக்கம் 'ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தேன்' என்ற 7ஆம் பெட்டி. தவறு அவருடையது என்பது அந்த இரண்டு குறிகளிலேயே தெரிந்துவிடும். ஆனால் உங்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை, அவர் நல்ல மனிதராகத் தெரிகிறார், "நானே நிரப்புகிறேன்" என்று பேனாவை வாங்குகிறார். உங்கள் பக்கத்தில் 10ஆம் பெட்டியிலும் ஒரு குறி விழுகிறது. அதற்குப் பொருள், நீங்கள் பாதை மாறினீர்கள் என்பது. நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். கதை மாறிவிட்டது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. எந்தக் குறி எந்தக் குறியோடு சேர்ந்தால் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. முதலில் பெட்டிகளைப் பார்ப்பார், அப்புறம் 13ஆம் கட்டத்தில் வரைந்த படத்தைப் பார்ப்பார்.

இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகு முன்பக்கத்தில் ஒருவர் மட்டும் எதையும் மாற்ற முடியாது. ஒத்துப்போகாத விஷயம் இருந்தால் 14ஆம் கட்டத்தில் எழுதலாம், ஆங்கிலத்திலேயே எழுதலாம். எதிராளி எழுதியது உண்மையல்ல என்று பட்டால் கையெழுத்துப் போடாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்நிய ஊர், புரியாத மொழி, பின்னால் ஹாரன் சத்தம், வண்டிக்குள் குழந்தை அழுகை. இத்தனைக்கும் நடுவில் "போட்டுக் கொடுத்துட்டுக் கிளம்புவோம்" என்றுதான் மனம் சொல்லும். வண்டிகள் நின்ற நிலையில் இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிய நாலைந்து படம் எடுத்துவிட்டு, வண்டிகளை ஓரங்கட்டி, பத்து நிமிடம் நிதானமாகப் படித்த பிறகு பேனாவை எடுங்கள். எதிராளி கையெழுத்திட மறுத்தால் அவருடைய வண்டி எண்ணைக் குறித்து, அவர் மறுத்ததையும் 14ஆம் கட்டத்தில் எழுதி, நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பலாம். மூன்று வண்டிகள் மோதியிருந்தால் உங்களைத் தொட்ட ஒவ்வொரு வண்டியோடும் தனித்தனித் தாள்.

ஒன்றும் எழுதாமல் போய்விடுவது மட்டும் கூடாது. சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் காரை லேசாக உரசிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று கிளம்பினாலும் பிரெஞ்சுச் சட்டத்தில் அது தப்பியோடிய குற்றம். மூன்று ஆண்டு சிறை, 75,000 யூரோ அபராதம் வரை போகலாம்.

நம் ஓட்டுநர்கள் எங்கே இடிக்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். வலப்பக்கத்து முன்னுரிமை வராது. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், சின்னச் சந்திலிருந்து வந்தாலும் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி விட வேண்டும். நீங்கள் அகலமான தெருவில் போகிறீர்கள் என்பது கணக்கில் வராது. கிராமங்களிலும் நகரத்துக் குடியிருப்புத் தெருக்களிலும் இது இன்றும் நடைமுறை. பாரிசில் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள பெரிய வட்டத்திலும் இதே விதிதான். பன்னிரண்டு சாலைகள் வந்து சேரும் அந்த இடத்தில், சுற்றிக்கொண்டிருப்பவர்தான் நுழைபவருக்கு நின்று வழிவிட வேண்டும். மஞ்சள் நிற வைரம் போன்ற பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையில் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் அந்த உரிமை முடிந்தது.

இனி இன்சூரன்ஸ். பிரான்சில் 1958 பிப்ரவரி 27 சட்டத்திலிருந்து மோட்டார் வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வாடகைக் காரிலும் அது சேர்ந்தே வரும். நீங்கள் பிறருக்குச் செய்த சேதத்தை அது பார்த்துக்கொள்ளும். 1985 ஜூலை 5இல் வந்த சட்டம், அப்போது நீதி அமைச்சராக இருந்த ரொபேர் பதந்தேரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சாலை விபத்தில் காயம்படும் பாதசாரிகள், சைக்கிள்காரர்கள், வண்டியில் இருக்கும் பயணிகள் ஆகியோருக்கு, அவர்கள் பக்கம் சிறு தவறு இருந்தாலும், உடற்காயத்துக்கு நஷ்டஈடு கிடைத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் செய்தது. உங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் குழந்தைகளும் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

வராதவர் ஒருவர்தான்: ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர். தவறு அவருடையது என்றால், அவருக்கு ஏற்பட்ட காயத்துக்குக் கட்டாயக் காப்பீடு ஒரு காசும் தராது. குடும்பத்தில் எல்லோரையும் சுமந்து செல்பவருக்குத்தான் பாதுகாப்பு இல்லை. அவருக்கென்று தனிக் காப்பீடு வேண்டும், அல்லது நல்ல பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஷெங்கன் விசாவில் வருபவர்களிடம் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு இருக்கும், அது இல்லாமல் விசா கிடைக்காது. விசாவே தேவைப்படாத கனடாக் கடவுச்சீட்டுக்காரர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. அதனால் கையில் எந்தக் காப்பீடும் இல்லாமல் வந்து இறங்குபவர்கள் அவர்களில்தான் அதிகம் இருக்க வாய்ப்பு. இருப்பவர்களும் வாடகைக் கார் ஓட்டும்போது பட்ட காயம் அதில் சேருமா என்று ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

வண்டிக்கான சேதம் இன்னொரு கணக்கு. 'ஃப்ரான்ஷீஸ்' என்ற சொல்லைக் கவுண்டரில் கேட்பீர்கள். சேதம் எவ்வளவானாலும் அந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் அவர்கள் பொறுப்பு. பல ஒப்பந்தங்களில் அது ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதற்கு ஈடாகத்தான் உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள். கவுண்டரிலேயே கூடுதல் காசு கட்டி இந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது நீக்கிக்கொள்ளலாம். வெளியே வேறு நிறுவனத்தில் மலிவாகக் காப்பீடு வாங்குவது இன்னொரு வழி. அந்த வழியில், சேதம் நடந்தால் வாடகை நிறுவனம் முதலில் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் ரசீதுகளை அனுப்பி வெளி நிறுவனத்திடம் பிறகு திரும்பப் பெறுவீர்கள். இரண்டும் நல்ல வழிதான், ஆனால் இரண்டாவதற்குக் கார்டில் போதிய வரம்பும், ஒரு காகிதத்தையும் தொலைக்காத பழக்கமும் வேண்டும். முழுக் காப்பீடு என்று சொல்லி விற்றாலும் டயர், கண்ணாடிகள், வண்டியின் கூரை, அடிப்பகுதி, தொலைந்த சாவி, மாற்றிப் போட்ட எரிபொருள் ஆகியவை பல ஒப்பந்தங்களில் வெளியே நிற்கும். உயரமான வண்டியைத் தாழ்ந்த பார்க்கிங்குக்குள் ஓட்டிக் கூரையைக் கிழித்தவர்களுக்கு இது தெரியும்.

வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டை ஒரே நொடியில் செல்லாததாக்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது. லூர்துக்குப் போகும் வழியில் இரவு இரண்டு மணி, ஓட்டுபவருக்குக் கண் சொக்குகிறது, "மச்சான், நீ கொஞ்ச நேரம் பிடி" என்று மாற்றிக்கொள்கிறார்கள். மச்சான் பத்து வருடமாக ஓட்டுபவராகவே இருக்கட்டும், பெயர் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்த அரை மணி நேரத்தில் நடப்பது முழுவதும் உங்கள் தலையில் விழக்கூடும். இரண்டாவது ஓட்டுநரைச் சேர்க்க நாளுக்குச் சில யூரோக்கள் கேட்பார்கள். நீண்ட பயணத்தில் அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் அசல் உரிமத்தையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். அந்த அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும்.

வண்டி இடிக்காமலேயே நின்றுவிட்டால்? சாதாரணச் சாலை என்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஓரங்கட்டி, மினுக்கும் மஞ்சள் மேல்சட்டையை அணிந்துகொண்டு இறங்கி, குறைந்தது 30 மீட்டர் தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு, வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். அவர்களைக் கேட்காமல் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் செலவு திரும்பி வராமல் போகலாம். மேல்சட்டையும் முக்கோணமும் 2008 அக்டோபர் 1 முதல் கட்டாயம். இல்லையென்றால் 135 யூரோ அபராதம். மேல்சட்டை டிக்கியில் இருக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்ட வேண்டும். சட்டம் ஓட்டுநருக்கு ஒன்று போதும் என்கிறது, வண்டியிலும் பல சமயம் ஒன்றுதான் இருக்கும். ஏழு பேர் போவதென்றால் கடையில் இன்னும் சில வாங்கிப் போடுங்கள், விலை மிகக் குறைவு.

'ஓதோரூத்' எனப்படும் பெருவிரைவுச் சாலையில் கதை வேறு. 130 கிலோமீட்டர் வேகத்தில் கார்களும், கூடவே லாரிகளும் பக்கத்திலேயே போகும் இடம் அது. எல்லோரும் வலப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். குளிராக இருந்தாலும் மழை பெய்தாலும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. முக்கோணம் வைக்கச் சாலையில் நடப்பதே உயிருக்கு ஆபத்து, அங்கே அதை வைக்க வேண்டியதில்லை. டயரை நீங்களே மாற்ற முயல வேண்டாம். சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆரஞ்சு நிறத் தொலைபேசிக் கம்பங்கள் உண்டு. தடுப்புக்கு அப்பால் நடந்தே போய் அதில் பேசினால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். நடக்க முடியாவிட்டால் 112.

அந்தச் சாலைக்குள் வாடகை நிறுவனம் அனுப்பும் வண்டியோ உறவினர் தெரிந்துவைத்திருக்கும் மெக்கானிக்கோ வர முடியாது. அரசு அங்கீகரித்த இழுவை வண்டிதான் வரும், அரை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. மாலை 6 முதல் காலை 8 வரையிலும், சனி ஞாயிறுகளிலும், விடுமுறை நாட்களிலும் அதில் 50 சதவீதம் கூடும். சாலையை விட்டு வெளியே கராஜுக்குக் கொண்டுபோய் விடுவார்கள், அங்கிருந்து வாடகை நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். கராஜில் நீங்கள் காசு கொடுக்க நேர்ந்தால் ரசீதை வாங்காமல் நகராதீர்கள். பல ஒப்பந்தங்களில் அது திரும்பக் கிடைக்கும்.

சனிக்கிழமை மாலை சின்ன ஊர்ப்பக்கம் வண்டி நின்றால், மாற்று வண்டி திங்கட்கிழமைதான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கராஜ் திறந்திருப்பது அபூர்வம், சின்ன ஊர் வாடகை அலுவலகங்களும் அப்படித்தான்.

பெட்ரோல் பங்கில் ஒரு வார்த்தை நம்மை ஏமாற்றும். 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல். அமெரிக்கா, கனடாவில் பெட்ரோலை 'கேஸ்', 'கேசலின்' என்று சொல்லிப் பழகியவர்கள் நேராக அதை எடுத்துப் பெட்ரோல் காரில் ஊற்றிவிடுகிறார்கள். பெட்ரோலுக்குப் பிரெஞ்சில் 'எஸான்ஸ்'. 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பா முழுவதும் பொதுவான அடையாளம் வந்திருக்கிறது: பெட்ரோலுக்கு வட்டம், உள்ளே ஈ5, ஈ10 என்றிருக்கும். டீசலுக்குச் சதுரம், உள்ளே பி7 என்றிருக்கும். டேங்க் மூடியின் உட்புறமும் இதே அடையாளம் இருக்கும், பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். ஈ85 என்பதும் வட்டத்துக்குள்தான் வரும், விலையும் குறைவு, ஆனால் அதற்கென்று வடிவமைத்த வண்டிகளுக்கு மட்டுமே. மாற்றி ஊற்றிவிட்டீர்கள் என்றால் சாவியைத் தொடாதீர்கள். எஞ்சினை இயக்காத வரை டேங்கைக் காலி செய்து கழுவுவதோடு முடியலாம். இயக்கிவிட்டால் எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் கெட்டுப்போய்ச் செலவு பல மடங்காகும்.

சம்பவம் நடந்த பிறகு, கோன்ஸ்தாவை இன்சூரன்ஸுக்கு அனுப்ப பிரெஞ்சுச் சட்டம் தரும் அவகாசம் ஐந்து வேலை நாட்கள். திருட்டு என்றால் இரண்டே நாள். ஆனால் பாலிசி வாடகை நிறுவனத்தின் பேரில் இருப்பதால் நீங்கள் அனுப்ப வேண்டியது அவர்களுக்கு. ஒப்பந்தங்கள் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று இன்னும் குறுகிய கெடுவே வைக்கின்றன. அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அசலை வண்டியோடு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகம் மூடியபின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதாக இருந்தால் வண்டியின் நாலு பக்கமும், கூரையும், சக்கரங்களும், கிலோமீட்டர் எண்ணும் தெரிய வீடியோ எடுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் வந்த கீறல் உங்கள் கணக்கில் சேருவது இப்படித்தான். 2015இல் ஐரோப்பிய ஆணையமும் உறுப்பு நாடுகளின் நுகர்வோர் அமைப்புகளும் பேசியதன் பேரில் ஐந்து பெரிய வாடகை நிறுவனங்கள் சில உறுதிகள் கொடுத்தன. சேதத்துக்குக் காசு எடுப்பதற்கு முன் காரணத்தையும் ஆதாரத்தையும் காட்டுவது, வாடிக்கையாளர் மறுத்துப் பேச வாய்ப்புத் தருவது ஆகியவை அவற்றில் உண்டு. உங்களுக்கு அப்படி எதுவும் வராமல் கார்டில் காசு போயிருந்தால், படங்களையும் ரசீதையும் மதிப்பீட்டு அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து எழுதலாம்.

கடைசியாக ஒன்று, பலரும் கேட்காமல் விடும் பணம். தவறு முழுக்க எதிராளியுடையதாக இருந்தாலும் வாடகை நிறுவனம் ஃப்ரான்ஷீஸை முதலில் உங்களிடம் எடுத்துக்கொள்வதுண்டு. எதிராளியின் இன்சூரன்ஸிடமிருந்து வசூலான பிறகு அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், தானாக வரும் என்று காத்திருந்தால் மறந்தும் போகலாம். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, கையெழுத்தான கோன்ஸ்தாவின் படத்தையும் இணைத்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அன்று சாலையோரத்தில் 12ஆம் கட்டத்தைச் சரியாக நிரப்பியிருந்தால், இந்தக் கடிதத்துக்கு வேறு வாதம் எதுவும் தேவைப்படாது.